சிஎஸ்கேவுக்கு இல்லாத பயம் மயிலாப்பூர் கிளப்புக்கு உண்டு: சென்னை லீக் கிரிக்கெட் எப்படி இயங்குகிறது?

2025 ஐபிஎல் சீசனில் சென்னை சூப்பர் கிங்ஸ் 10 அணிகளில் 10-வது இடம். என்ன தண்டனை கிடைத்தது? மீம்ஸ். அவ்வளவுதான். அடுத்த சீசனிலும் அதே லீக், அதே மஞ்சள் ஜெர்ஸி. ஆனா இதே ஊரில் மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்போ, ஆழ்வார்பேட்டை சிசியோ, தி.நகர் யுஎஃப்சிசியோ பட்டியலின் அடியில் போய் நின்றால் கதை வேற. அடுத்த சீசனில் ஒரு டிவிஷன் கீழே இறங்கி ஆடணும்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் (டிஎன்சிஏ) நடத்தும் சென்னை லீக்கைத்தான் சொல்கிறேன். உச்சியில் முதல் டிவிஷன். அங்கே ஜெயிக்கும் அணிக்கு ராஜா ஆஃப் பாளையம்பட்டி ஷீல்டு. அதற்குக் கீழே இரண்டு, மூன்று, நான்கு என்று படிகள் இறங்கிக்கொண்டே போகும். கீழே போகப் போக அணிகள் அதிகம் என்பதால், ஒரே டிவிஷனை 'ஏ', 'பி' என்று பிரித்து நடத்துவார்கள். முதல் டிவிஷனில் பல நாள் ஆட்டம், கீழ்ப் படிகளில் ஒரு நாள் ஆட்டம். மேலே முடித்தவர்கள் ஏறுவார்கள், கடைசியில் நின்றவர்கள் இறங்குவார்கள்.

இங்கிலாந்து கால்பந்து பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதுதான். பிரீமியர் லீக்குக்குக் கீழே 3 டிவிஷன்கள், அதற்கும் கீழே 'நான்-லீக்' என்கிற பெரிய உலகம். 2009-ல் 5-வது படிக்கு விழுந்த லூட்டன் டவுன், 2023-ல் பிரீமியர் லீக்குக்கே வந்து சேர்ந்தது. சென்னை கிளப்புக்கு அந்த யோகம் கிடையாது. எவ்வளவு ஏறினாலும் முதல் டிவிஷனோடு கூரை வந்துடும். இங்கே கூரையைத் தாண்டிப் போவது வீரர்கள் மட்டும்தான்.

அப்படிப் போனவர்களைப் பாருங்க. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த நடராஜன், சென்னைக்கு வந்து முதலில் ஆடியது 4-வது டிவிஷனில், பிஎஸ்என்எல் அணிக்கு. அங்கிருந்து மேல் டிவிஷன், 2015-ல் ரஞ்சி, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்திய அறிமுகம். அடுத்து வருண் சக்கரவர்த்தி. ஆர்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவர் (இதை வீட்டில் உதாரணமா காட்டாதீங்க, எடுபடாது). கிரோம்பெஸ்ட் கிளப்பில் வேகப்பந்து வீசினார், முழங்காலில் அடிபட்டது, சுழலுக்கு மாறினார். 2017-18 சீசனில் ஜூபிலி கிளப்புக்காக, அதே 4-வது டிவிஷனில், 7 ஆட்டங்களில் 31 விக்கெட். 2018-ல் மதுரை பாந்தர்ஸோடு டிஎன்பிஎல் கோப்பை. அடுத்த ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடி ரூபாய்.

இருவரும் ஜூனியர் வயதில் கண்டுபிடிக்கப்பட்ட செல்லப்பிள்ளைகள் இல்லை. 20 வயதுக்கு மேல் ஒருத்தர் வந்து தட்டினாலும் திறக்கிற கதவு இந்த ஊரில் அதிகமில்லை. 4-வது டிவிஷன் அப்படி ஒரு கதவு.

ஏணி ஏறுவதற்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்லணும். 2023 செப்டம்பரில் இந்திய ஒருநாள் அணிக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் அஸ்வின் ஆடப் போனது எங்கே தெரியுமா? விஏபி டிராபியில், மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப் 'ஏ' அணிக்கு. அக்டோபர் 8-ம் தேதி சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலகக் கோப்பை ஆட்டத்தில் இருந்தார்.

சரி, இவ்வளவு நல்ல ஏணியில் என்ன குறை? அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்பதுதான் என் கவலை.

கிளப் பெயர்களைப் பார்த்தால் மாநகரப் பேருந்தின் வழித்தடப் பலகை மாதிரி இருக்கும்: மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, எழும்பூர், திருவல்லிக்கேணி. ஆனா ஆழ்வார்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் உங்களுக்கும் ஆழ்வார்பேட்டை சிசிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. மேல் டிவிஷன்களில் பணம் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. ஜாலி ரோவர்ஸுக்குப் பின்னால் சன்மார் குழுமம் இருப்பது மாதிரி. ஒரே நிறுவனம் பல கிளப்புகளை வைத்திருப்பதும் இங்கே புதிதல்ல. கிளப் என்பது டிஎன்சிஏ தேர்தலில் ஒரு வாக்கும்கூட என்பதால், கிரிக்கெட்டைத் தாண்டியும் அதற்கு மதிப்பு உண்டு.

நிறுவனங்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலையும் சம்பளமும் கொடுத்ததால்தான் பல பேர் ஆட்டத்தில் தங்கினார்கள், வெளிமாநில நட்சத்திரங்கள் வந்து ஆடினார்கள். ஆனா ஒரு செக்கில் நிற்கிற கிளப், அந்த செக் நின்றால் என்ன ஆகும்? கை மாறும், இல்லைனா கரையும். கேள்வி கேட்க ரசிகர் என்று ஒருவர் இருக்க மாட்டார். தெற்கு லண்டனில் டல்விச் ஹாம்லெட் என்று ஒரு கிளப். ஆடுவது 7-வது படியில். ஆனா சொந்த மைதானத்து ஆட்டங்களுக்குக் கூட்டம் ஆயிரக்கணக்கில் வருகிறது. அந்தக் கிளப்பை யாரும் சத்தமில்லாமல் மூடிவிட முடியாது.

இந்த ஊருக்கும் ஒரு காலத்தில் அது தெரிந்திருந்தது. இந்தியர்களைச் சேர்க்காத மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு எதிராக 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்த புச்சி பாபு நாயுடு, மயிலாப்பூர் லஸ் ஹவுஸ்காரர். பக்கத்துத் தெருப் பையன்களைக் கூட்டிவந்து ஆட வைத்ததில்தான் நம்ம கிளப் கிரிக்கெட்டே முளைத்தது.

இன்று நாம் மொபைலில் ஃபேன்டசி டீம் போடுகிறோம், லூட்டன் எந்த டிவிஷனில் இருக்கிறது என்று கூகுள் செய்கிறோம். மயிலாப்பூர் எந்த டிவிஷனில் இருக்கிறது?

கிளப்புகள் ரசிகர்களைத் தேடி வரணும் என்பது என் கட்சி. ஏரியா பெயரை வைத்திருக்கும் கிளப், அந்த ஏரியா பள்ளிகளுக்கு அட்டவணையைக் கொடுக்கட்டும். வார இறுதி ஆட்டங்களுக்கு மைதானத்தின் லொக்கேஷனை வாட்ஸ்அப்பில் போடட்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிழலில் நாற்பது நாற்காலி போதும்.

கூடவே வாசல் பிரச்சினையையும் தீர்க்கணும். லீக் ஆட்டங்கள் பல நடப்பது கல்லூரி வளாகங்களில். அடையாறு பக்கம் நல்ல மைதானம் என்றால் ஐஐடி-கெம்பிளாஸ்ட். அது இருப்பதோ ஐஐடி வளாகத்துக்குள். 'சும்மா மேட்ச் பார்க்க வந்தேன்' என்று கேட் செக்யூரிட்டியிடம் சொன்னால், அடுத்த கேள்வி 'யாரைப் பார்க்கணும்?' என்றுதான் வரும். ஆட்ட நாளில் ஒரு வருகைப் பதிவேடும் ஒரு அம்புக்குறிப் பலகையும் வைக்க டிஎன்சிஏவுக்கு எவ்வளவு செலவாகும்?