அயலாருக்கு ஒரு சங்கம்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து டீக்கடைகளில் இப்பொழுது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு. "வடக்கத்தியான் வந்து நம் பிழைப்பைக் கெடுத்துவிட்டான்" என்பதே அது. பேசுகிறவர்கள் கெட்டவர்களல்ல, அவர்களும் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்துக் களைத்தவர்களே. ஆனால் இப்பேச்சினால் யாருக்கு லாபம் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும், தேசம் விட்டுத் தேசமாய் நேப்பாளத்திலிருந்தும் வருகின்றவன் குறைந்த கூலிக்கு ஏன் உடன்படுகின்றான்? அவனுக்கு வயிறு நம்மைவிடச் சிறியதா? அவனுக்காகப் பேச இங்கு ஒரு சங்கம் இல்லை என்பதுதான் காரணம். அவன் பாஷை தெரிந்தவன் கண்டிராக்டருடைய மேஸ்திரி ஒருவனே. கூலி பேசுகிறவனும் அவனே, முன்பணம் கொடுக்கிறவனும் அவனே, கணக்குச் சொல்லுகிறவனும் அவனே. மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களில் நம்மவர்களுக்கு வாய்த்திருந்த கங்காணிக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? வந்தவன் தனியனாய் இருக்கும் வரையில் கண்டிராக்டர் அவனைக் காட்டியே நமது கூலியையும் குறைப்பான் என்பதில் சந்தேகமில்லை.

வெளி மாகாணத் தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய கணக்குப் புத்தகம் அவனுக்குத் தெரிந்த பாஷையில் கொடுக்கப்பட வேண்டுமென்று 1979ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அப்புத்தகத்தைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்கின்றோம். கேட்க ஆளில்லாத இடத்தில் சட்டம் காகிதமாய்த்தான் கிடக்கும். 2025 செப்டம்பர் 30ந் தேதி எண்ணூரில் கட்டப்பட்டு வந்த அனல் மின் நிலையத்தில் சாரம் சரிந்து 9 பேர் மாண்டார்கள். அஸ்ஸாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பத்திரிகைகளில் சேதி வந்தது, சர்க்காரும் பணம் கொடுப்பதாகச் சொல்லிற்று. சரி. ஆனால் பத்திரிகைக்கு எட்டாமல் ஒற்றை ஆளாய் விழுந்து சாகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் ஊருக்குச் சேதி சொல்லவும், பிணத்தை அனுப்பவும், நஷ்டஈட்டு மனுவை எழுதவும் மேஸ்திரியையா நம்புவது?

நம்மவர்கள் அயல் தேசத்தில் இருந்ததை மறந்துவிடக் கூடாது. தோட்டத்தில் லயம் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, மாரியம்மன் கோவிலும் தவறாமல் இருந்தது. இத்தனை இருந்தும் தொழிலாளிக்கு மனிதத் தன்மை வந்துவிடவில்லை. 1929 டிசம்பரில் பெரியார் மலாய் நாட்டுக்குப் போய் வந்த பிறகு, 1932ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஏற்பட்டது. அதில் உழைத்த கோ. சாரங்கபாணி 1935ல் "தமிழ் முரசு" தொடங்கினார். பின்னாளில் தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதிந்து கொள்ளும்படி தூண்டினார். அயலூரில் சங்கம் என்றால் செய்ய வேண்டிய வேலை இதுவே. ஊருக்கு ஒரு பூஜை, ஜாதிக்கு ஒரு சங்கம் என்று பிரிந்து வசூல் செய்வது சங்கமாகாது.

நம் வட சென்னையிலேயே இதற்குத் திருஷ்டாந்தம் உண்டு. 1918 ஏப்ரல் 27ந் தேதி பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டபோது அதற்குத் தலைவராய் வந்த பி. பி. வாடியா யார்? பம்பாய்ப் பார்ஸி. தமிழ் தெரியாதவர்; அவர் இங்கிலீஷில் பேச, கூட இருந்தவர்கள் தமிழில் எடுத்துச் சொன்னார்கள். அவருடைய பிரம்மஞானம் நமக்கு ஒவ்வாதுதான். ஆயினும் அன்றைய தொழிலாளிகள் "நீ எந்த ஊர்க்காரன்" என்று அவரைக் கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை. (ராயபுரத்தில் பார்ஸிகளுக்கு 1910ல் கட்டிய கோவிலும் உண்டு, அதற்குள் மற்றவர் நுழையக் கூடாது. வாடியா சங்கத்திற்கு அப்படிக் கதவு இல்லை.)

"இந்தியை எதிர்த்த நாமா இந்திக்காரனுக்குச் சங்கம் வைப்பது?" என்று சில தோழர்கள் கேட்கலாம். 1939ல் சிறைப்பட்டு மாண்டு மூலகொத்தளத்தில் அடக்கமான தாலமுத்துவும் நடராசனும் எதிர்த்தது சர்க்கார் நம் பிள்ளைகள் மீது ஏற்றிய பாஷையையே யொழிய, சாரத்தின் மேல் நிற்கும் கூலிக்காரனை அல்ல. அவனுக்கும் அவனுடைய மாகாணத்தில் ஜாதி உண்டு, ஜமீன்தாரன் உண்டு, அவர்களால் விரட்டப்பட்டே பலர் ரயிலேறுகின்றார்கள். 2023ல் இங்கே வடவர்களைக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பியவர்கள் அவனையும் நம்மையும் பிரித்து வைக்கவே பார்த்தார்கள். டீக்கடைப் பேச்சும் அந்த வேலையைத்தான் கூலியில்லாமல் செய்கின்றது.

ஆதலால் திருவொற்றியூர், எண்ணூர்த் தோழர்கள் ஞாயிறு மாலைகளில் படிப்பகங்களைத் திறந்து வைத்து, கூலிக் கணக்கைப் படித்துச் சொல்லவும் மனு எழுதவும் இரண்டு பாஷை தெரிந்த ஒருவரை உட்கார வைக்கட்டும். தொழிற்சங்கங்கள் வந்தவனையும் அங்கத்தினனாய்ச் சேர்த்துச் சந்தா வாங்கட்டும். ரசீதில் தமிழுக்குக் கீழே அவனுக்குத் தெரிந்த எழுத்திலும் ஒரு வரி அச்சடிப்பதற்கு அதிகச் செலவு பிடிக்காது.