இஷ்பீலியாவின் வெள்ளைச் சட்டை



ஸ்பெயின் நாட்டின் செவில்லா நகரை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் இஷ்பீலியா என்று வழங்கினர். 1198இல் நிறைவுற்ற அந்நகரப் பெரிய பள்ளிவாசலின் மினாரா, இன்று ஹிரால்டா என்னும் பெயரில் தேவாலய மணிக்கூண்டாக நிற்பதைத் தாங்கள் படங்களில் கண்டிருக்கக்கூடும். இம்மாதம் நாம் காணவிருப்பதோ அந்நகரின் ஒரு கால்பந்துச் சட்டை.

செவில்லா கால்பந்துக் கழகம் 1890இல் தோன்றியது. அதன் சட்டை வெள்ளை, ஆங்காங்கே சிவப்பு. மார்பிலுள்ள சின்னத்தில் மூவர் உருவங்கள். இருவர் பண்டைய கிறிஸ்தவ ஆயர்கள். மூன்றாமவர் மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோ. 1248இல் முஸ்லிம்களிடமிருந்து இஷ்பீலியாவைக் கைப்பற்றியவர் அவரே!

இச்சின்னம் பொறித்த சட்டையுடன் 2005இல் ஆட வந்தார் ஃபிரெடெரிக் கனூத்தே. பிரான்ஸில் பிறந்தவர், மாலி நாட்டு வழியினர், இளமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். அவருக்கு இடர் வேறிடத்திலிருந்து வந்தது. 2006இல் கழகம், இணையவழிச் சூதாட்ட நிறுவனமொன்றின் பெயரைச் சட்டையில் பொறித்தது. சூது ஹராம் என்பது நம் இல்லத்துச் சிறார்களும் அறிந்ததே. கனூத்தே அப்பெயரை அணிய மறுத்தார். விளம்பரமற்ற சட்டை அவருக்குத் தரப்பட்டது. பின்னர் ஓர் உடன்பாடு ஏற்பட, விளம்பரச் சட்டையையே அணிந்தார். ஈடாக இஸ்லாமிய அறப்பணிக்குப் பொருள் வழங்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அவர் இறுதிவரை மறுத்திருக்கலாமே என்று தாங்கள் எண்ணலாம். எமக்கும் அவ்வெண்ணம் உண்டு. ஆயினும், ஒப்பந்தத்தால் கட்டுண்ட ஓர் ஊழியர் தம் முதலாளியிடம் அவ்வளவேனும் வாய்திறந்து கேட்டது எளிதன்று. (2021–22 பருவம் முதல் ஸ்பெயின் அரசே ஆட்டக்காரர் சட்டைகளில் சூதாட்ட விளம்பரத்தைத் தடைசெய்துவிட்டது.)

ஆட்டத்தில் அவர் குறை வைக்கவில்லை. 2006, 2007 ஆகிய இரு ஆண்டுகளிலும் கழகம் யூஃபா கோப்பையை வென்றது. இரு இறுதி ஆட்டங்களிலும் அவர் கோல் அடித்தார். 2009 ஜனவரியில் கோல் அடித்தவுடன் மேற்சட்டையை உயர்த்தி, உள்ளே "பாலஸ்தீன்" என எழுதிய சட்டையைக் காட்டினார். அபராதம் 3,000 யூரோ.

அதற்குமுன், 2007இல், செவில்லா முஸ்லிம்கள் தொழுதுவந்த வாடகைக் கட்டடத்தின் ஒப்பந்தம் முடிந்தது. அவ்விடம் விற்பனைக்கு வந்தது. ஹிரால்டா நிற்கும் ஊரில் தொழ இடமின்றிப் போகும் நிலை. கனூத்தே தம் சொந்தப் பணத்தில், ஐந்து லட்சம் யூரோவுக்கும் மேல் கொடுத்து, அக்கட்டடத்தை வாங்கினார். ஜமாஅத்தார் இடம்பெயர நேரவில்லை.