எட்டாம் வகுப்பு வாசலில் தமிழ்ப் பிள்ளைகள்

(நமது நிருபர்)

பெங்களூர்: கர்நாடகத்தில் உயர்நிலைப் பள்ளி என்பது 8, 9, 10-ம் வகுப்புகள். 7-ம் வகுப்பு வரை ஒரு பள்ளியில் படித்த பிள்ளை, ஜூன் மாதத்தில் வேறு கட்டடம், வேறு ஆசிரியர்கள், பாடத்துக்கு ஒரு வாத்தியார் என்ற புதிய உலகத்துக்குள் நுழைகிறது. தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அதோடு பயிற்று மொழியும் மாறிவிடுகிறது.

இந்த இடைவெளியை அரசு அறியாமல் இல்லை. பள்ளி திறந்ததும் 'சேதுபந்த' என்ற பெயரில் இணைப்புப் பாடம் நடத்தப்படுகிறது. சென்ற ஆண்டுப் பாடத்தில் சிறு தேர்வு வைப்பார்கள். தெரியாததைக் கற்பித்து மறுபடியும் தேர்வு வைப்பார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் மொழி மாறி வரும் பிள்ளையின் சிக்கல் வேறு. தமிழில் 'பின்னம்' என்று படித்த கணக்கு, கன்னடத்தில் 'பின்னராசி', ஆங்கிலத்தில் 'பிராக்‌ஷன்'. கணக்கு தெரிந்த பிள்ளையே கேள்வி புரியாமல் விழிக்கிறது. ஆசிரியரோ 'அடிப்படை இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார். சில நாள் இணைப்புப் பாடத்தில் இது தீருமா?

சட்டம் என்ன சொல்கிறது? எந்த மொழி வழியில் படிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று 2014 மே 6-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே சமயம் 2015-ல் வந்த மாநிலச் சட்டம், 1-ம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கன்னடத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆக, எந்த வழியில் படித்தாலும் கன்னடம் தெரியாமல் தப்ப முடியாது. தப்பவும் வேண்டியதில்லை, இந்த ஊரில் பிழைப்பதற்கு அது நமக்குத் தேவையான மொழி. எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழிக்கு மட்டும் 125 மதிப்பெண் என்பதையும் மறக்கக்கூடாது. எதை முதல் மொழியாக எடுப்பது என்பதை அவசரத்தில் முடிவு செய்யலாகாது.

வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வருவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 8-ம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

ஏப்ரல், மே மாதங்களை ஊருக்குப் போய்வருவதிலேயே கழித்துவிடுகிறோம். போகட்டும், திரும்பி வந்த பிறகு இருக்கும் இரண்டு மூன்று வாரமாவது பயன்படட்டும். 8-ம் வகுப்புக் கணக்கு, விஞ்ஞானப் புத்தகங்களைப் பழைய மாணவரிடம் வாங்கி, கலைச்சொற்களை மூன்று மொழியிலும் எழுதிப் பழகினாலே பாதி பயம் தெளியும். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பகுதிகளில் உள்ள தமிழ் மன்றங்கள் ஆண்டு விழாவுக்கு எடுக்கும் சிரமத்தில் சிறு பங்கை இதற்குச் செலவிட்டால் போதும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

எட்டாம் வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விடுகிறது. படிப்பு ஏறவில்லை என்கிறோம். ஏறாதது படிப்பல்ல, பாடத்தின் மொழிதான். அதற்கான வேலையை இந்த விடுமுறையிலேயே தொடங்குவது நம் கையில் இருக்கிறது.