மழை தப்பில்லை, உங்கள் சட்டைதான் தப்பு!

“மோசமான வானிலை என்று எதுவும் இல்லை, மோசமான உடைதான் உண்டு.” ஐப்பசி பிறந்தால் போதும், சென்னை சைக்கிள் குழுக்களில் யாராவது ஒருவர் இதை எடுத்து வீசிவிடுவார். நார்வேக்காரர்கள் அடிக்கடி சொல்வது. அவர்கள் ஊரில் சொல்லிக்கொள்ளட்டும். பெர்கனில் நடுக்கோடையிலேயே மழைநாள் என்றால் ஸ்வெட்டர் தேடுவார்கள். அந்த ஊர் வசனத்தைக் கொண்டுவந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒலிபரப்புவதுதான் எனக்கு வருஷக்கணக்கான எரிச்சல். வசனம் முடிந்த கையோடு ஜாக்கெட் சிபாரிசும் வரும். தண்ணீர் உள்ளே வராதாம், வியர்வை வெளியே போய்விடுமாம், ஐரோப்பாவில் பந்தய வீரர்களே அதைத்தான் போடுகிறார்களாம், பத்துப் பதினைந்தாயிரம் ஒரு பொருட்டா என்பார்கள். இவ்வளவும் செய்கிற ஜாக்கெட் சாகாவரத்தை மட்டும் ஏன் பாக்கி வைத்தது என்று தெரியவில்லை.

முதலில் ‘தண்ணீர் உள்ளே வராது’. லேபிளில் 20,000 மி.மீ. என்று போட்டிருக்கும். அந்தத் துணியின் மேல் 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். நம்புகிறேன். ஆனால் சோதித்தது ஒரு துண்டுத் துணியை. அதற்குக் கழுத்து இல்லை, கை நுனி இல்லை, முன்பக்கம் ஜிப் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்திருக்கும் மனிதருக்கு இவை எல்லாம் உண்டு, தண்ணீருக்கும் வழி தெரியும். போதாததற்கு, நம் ஊரில் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்து வருவது அதிகம். வேளச்சேரியில் தேங்கிய தண்ணீரைப் பின்சக்கரம் வாரி முதுகில் அடிக்கும்போது, அதில் மழை எவ்வளவு, சாக்கடை எவ்வளவு என்று எந்த லேபிளும் சொல்வதில்லை.

அடுத்தது ‘மூச்சுவிடும் துணி’. விற்பனையின் உயிர்நாடி இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக விரிந்தது. மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி கடந்துபோகிற துளைகள். கோர்-டெக்ஸ் பிறந்த கதை இது. இன்று சந்தையில் இருக்கும் மற்ற படலங்களும் இதே வாக்குறுதியைத்தான் தருகின்றன. இதில் பொய் இல்லை. ஆனால் துளை இருக்கிறது என்பதற்காக ஆவி தானாகக் கிளம்பிப் போய்விடாது. உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். ஜாக்கெட்டுக்குள் 32 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஆவியழுத்தம் 47 மில்லிபாருக்குச் சற்று மேல். வெளியே 10 டிகிரி மழை என்றால் அங்கே 12 மில்லிபார்தான். இடைவெளி 35, ஆவி நன்றாகவே வெளியேறும். நம் கார்த்திகை மழை 26 டிகிரி. அந்த ஈரக்காற்றிலேயே 33 மில்லிபாருக்கு மேல் இருக்கிறது. மிச்ச இடைவெளி வெறும் 14. அதே ஜாக்கெட், அதே விலை. வேலை மட்டும் பாதிக்கும் குறைவு. இதற்குள் இருந்துகொண்டு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு வேர்த்துக் கொட்டும். இட்லிப் பானைக்குள் உட்கார்ந்து மிதிப்பதுதான்.

“அப்படியானால் 20,000 கிராம் என்று எப்படிப் போடுகிறார்கள்?” என்று கேட்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக ஒரு நாளில் போகும் ஆவியின் எடை அது. ஜப்பானியத் தர நிர்ணயமான ஜே.ஐ.எஸ். எல் 1099-இல் பி-1 என்றொரு முறை இருக்கிறது. துணியின் ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் ஒரு கிண்ணத்தில் பொட்டாசியம் அசிடேட் கரைசல். ஈரத்தைக் கண்டால் விடாமல் இழுக்கிற உப்பு அது. கால் மணி நேரம் வைத்து, கிண்ணத்தின் எடை எவ்வளவு கூடியது என்று நிறுத்து, அதை 24 மணி நேரக் கணக்காகப் பெருக்கிவிடுவார்கள். வேறு முறையில் சோதித்தால் அதே துணிக்கு வேறு எண் வரும். எது பெரிதோ அது லேபிளுக்குப் போகும். திருவான்மியூரில் மழை பெய்யும்போது வெளியே பொட்டாசியம் அசிடேட் கிடையாது. மழைதான் இருக்கிறது.

ஒருமுறை கோவளம் பக்கம் டீக்கடையில் நண்பர் ஒருவர் இப்படிப்பட்ட ஜாக்கெட்டைக் கழற்றினார். முழங்கை மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, ஊற்றியது. “என்ன தம்பி, கோட்டு போட்டும் நனைஞ்சுட்டீங்களே” என்றார் டீ மாஸ்டர். “மழை இல்லண்ணே, வேர்வை” என்றார் நண்பர், கொஞ்சம் பெருமையாகவே. மாஸ்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு சங்கதி. இந்த ஜாக்கெட்டுகளில் வெளித்துணிக்கு நீர் ஒட்டாத பூச்சு ஒன்று உண்டு. புதிதில் துளிகள் முத்துமுத்தாக உருண்டு ஓடும். பைப்பட்டி உரசி, சன்ஸ்கிரீனும் வேர்வையும் ஏறிய பிறகு வெளித்துணி தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். மேலே நீர்ப்படலம் போர்த்திவிட்டால் மூச்சாவது, பேச்சாவது! எண்ணெய்க்கும் அசையாத பழைய பூச்சுகளில் ஃப்ளோரின் சேர்மங்கள் இருந்தன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சாதாரண ஆடைகளில் அவற்றுக்குத் தடை வந்துவிட்டது. இப்போது வரும் புதிய பூச்சுகளை இன்னும் அடிக்கடி துவைத்துப் புதுப்பிக்க வேண்டும். சிபாரிசு செய்கிறவர் இதையும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

‘பந்தய வீரர்களே போடுகிறார்கள்.’ எதைப் போட்டார்கள் என்று பார்க்கலாம். 2013 மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் பனி கொட்டி, நடுவில் வீரர்களைப் பேருந்தில் ஏற்றிக் கணவாயைத் தாண்டவைத்தார்கள். அன்று பல அணி வீரர்கள் தங்கள் ஸ்பான்சர் கொடுத்ததை விட்டுவிட்டு, கஸ்டெல்லி நிறுவனத்தின் ‘காபா’வை, பெயரை மார்க்கரால் மறைத்துக்கொண்டு அணிந்திருந்தார்கள். அது முழு நீர்க்காப்பு ஜாக்கெட்டே இல்லை. உடம்போடு ஒட்டிய, காற்றைத் தடுக்கிற, நனைந்தாலும் சூடு காக்கிற அரைக்கைச் சட்டை. அவர்கள் பயந்தது குளிருக்கு. சென்னையில் நமக்கு எந்தக் குளிர்?

நனைந்தால் காய்ச்சல் வரும் என்பவர்களுக்கு: காய்ச்சல் கிருமியால் வருகிறது.

விலை அதிகமானால் தரம் அதிகம் என்பவர்களோடு வாதமில்லை, தையல் நன்றாகத்தான் இருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிப் போய், ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் மழையில் இறங்குகிறீர்களா? மிதிக்காமல் காற்றில் இறங்கும்போது உடம்பு உதறும், ஒரு ஜாக்கெட் வேண்டும்தான். அதற்கும் மடித்து முதுகுப் பாக்கெட்டில் வைக்கிற மலிவான விண்ட்சீட்டர் போதும். சமவெளியில் இருப்பவர்கள் அந்தப் பணத்தில் முதலில் இரண்டு மட்கார்டும் ஒரு நல்ல பின்விளக்கும் வாங்குங்கள். மாற்றுச் சட்டையை பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துப் போங்கள். ஜாக்கெட்டை நார்வேக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.