வழக்கு முடியும்வரை பிள்ளைப்பருவம் காத்திராது

கோடை விடுமுறை வந்தால், குடியுரிமை பெற்று இலண்டனில் வாழும் எம் உறவினர் பாரிசுக்கோ பெல்ஜியத்துக்கோ இரண்டு நாட் பயணமாகச் சென்று மீள்கின்றனர். அமெரிக்காவிற் புகலிடம் கோரி நிற்கும் எமக்கு அது எளிதன்று. முன்அனுமதி பெறாது நாட்டைவிட்டு வெளியேறுவோர் தமது விண்ணப்பத்தைக் கைவிட்டவராகவே கருதப்படுவர் என்பது இங்குள்ள விதி. எனவே, "வழக்கு முடியட்டும்" என்று எல்லாப் பயணங்களையும் ஒத்திவைக்கப் பழகிவிட்டோம். வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகின்றனர்.

எல்லை கடவாமலே ஒரே நாளிற் சென்று திரும்பக்கூடிய இடங்கள் பல உள. நியூ ஜேர்சியிலுள்ளோர் லிபர்ட்டி பூங்காவிற் படகேறினால் எல்லிஸ் தீவை அடையலாம். 1892 முதல் 1954 வரை 120 இலட்சம் குடியேறிகள் அதன் வழியே இந்நாட்டினுள் நுழைந்தனர். சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியினருக்கு ஏஞ்சல் தீவு உண்டு. 1910 முதல் 1940 வரை அங்கு தடுத்துவைக்கப்பட்ட சீனர்கள் மரச்சுவர்களிற் செதுக்கிய கவிதைகளை இன்றும் காணலாம். ரெக்சாசில் கல்வெஸ்ரன் துறைமுகம். 1907 முதல் 1914 வரை, பெரும்பாலும் உருசியப் பேரரசிலிருந்து வந்த ஏறத்தாழ 10,000 யூதர்கள் அங்கு கரையிறங்கினர்.

பெற்றோர் வந்த வழியை வீட்டிற் கேட்கத் தயங்கும் பிள்ளை, அச்சுவர்களின் முன் நின்று கேட்கும். அதற்கு விடை கூறும் கடமை எமக்குண்டு. உரிய பத்திரங்களையும் கட்டுச்சோற்றையும் எடுத்துக்கொண்டு, இக்கோடையில் ஒரு ஞாயிறேனும் புறப்படுவோம்.