கம்பியில்லா மோடமும் லினக்ஸ் கணிப்பொறியும்

கம்பியில்லாச் செய்தித் தொடர்பின் வரலாற்றில் மைசூருக்குத் தனியிடம் உண்டு. அந்நகரில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசாமி, 1935-ஆம் ஆண்டில் தமது இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் ஒன்றை நிறுவி, அதற்கு ‘ஆகாசவாணி’ எனப் பெயரிட்டார். பின்னாளில் அகில இந்திய வானொலியும் அப்பெயரையே ஏற்றது. ஆசிரியர் ஒருவர் கருவியின் இயல்பை அறிந்தமையால் விளைந்த பயன் அது.

இன்று அம்மாவட்டத்தின் காட்டோரச் சிற்றூர்களுக்குச் செல்லும் களப்பணியாளருக்கும், கம்பி இணைப்பு எட்டாத பள்ளியின் ஆசிரியருக்கும் யு.எஸ்.பி. மோடம் உற்ற துணையாகும். ஆயின் லினக்ஸ் கணிப்பொறியில் அதனைச் செருகியவுடன் இணையம் கிட்டாமற்போவதுண்டு. கருவி பழுதென்றோ, லினக்ஸ் குறையுடையதென்றோ பலர் முடிவு செய்துவிடுகின்றனர். இரண்டும் தவறு.

உண்மைக் காரணம் வேறு. இத்தகைய மோடங்கள் பல, செருகப்பட்டவுடன் தம்மைக் குறுந்தகடாகவே அறிவித்துக்கொள்கின்றன. விண்டோஸ் கணிப்பொறிக்குரிய இயக்கிநிரலைத் தனித் தகடின்றி வழங்குவதற்காகத் தயாரிப்பாளர் கண்ட உபாயம் இது. விண்டோஸில் அந்நிரல் நிறுவப்பட்டதும் கருவி மோடமாக மாறிவிடும். லினக்ஸிலோ, மாறும்படி கட்டளையிடுவோர் இல்லையேல் அது குறுந்தகடாகவே நின்றுவிடும். ஹுவாவே நிறுவனத்தின் சில மோடங்களில் 1446 என்னும் குறியெண், மாற்றத்திற்குப் பின் 1001 ஆவதைக் காணலாம்.

இக்குறையைப் போக்க ஜோசுவா டீட்சே என்பார் ‘யு.எஸ்.பி. மோட்சுவிட்ச்’ என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கியளித்தார். அது கருவிக்கு வேண்டிய கட்டளையை அனுப்புகிறது. பின்னர் லினக்ஸின் கருவகத்திலுள்ள இயக்கிநிரலே மோடத்தை ஏற்றுக்கொள்கிறது. சேவை நிறுவனத்தின் அணுகுமுனைப் பெயரை இணைப்பு அமைப்பில் குறித்தால் போதும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இம்மென்பொருள் கணிப்பொறியில் முன்னரே இல்லையெனில், அதைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெறவோ அம்மென்பொருள் வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு இது சிறு தொல்லை. காட்டோரப் பள்ளிக்கோ ஒரு நாட்பணி வீணாகும். ஆதலின் களம் செல்வதற்கு முன்னரே அதனை நிறுவிச் சோதித்தல் நன்று. நிறுவுகோப்பின் படியொன்றைப் பென் டிரைவில் வைத்திருத்தலும் வேண்டும்.

எனினும் முழுச்சுமையையும் பணியாளர்மேல் ஏற்றுவது முறையன்று. பொதுப்பணத்தில் கணிப்பொறி வாங்குமிடத்து உரிமக் கட்டணமற்ற லினக்ஸைத் தெரிந்தெடுப்பது சாலச் சிறந்ததே. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இதற்கு உள்நாட்டுச் சான்று. ஆனால் கணிப்பொறியை ஒரு கொள்கைப்படியும் மோடத்தை மற்றொரு கொள்கைப்படியும் வாங்கினால் அச்சேமிப்பு பயனற்றுப்போகும். எந்த லினக்ஸில் கருவி இயங்கும், அதன் இரு குறியெண்கள் எவை என்னும் விவரங்களை எழுத்தில் தருமாறு விற்பனையாளரைக் கேட்பது வாங்கும் அலுவலகத்தின் கடமையாகும்.

கைப்பேசியே இன்று மோடமாகப் பயன்படுகையில் இதைப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். இக்காலத்து யு.எஸ்.பி. வைஃபை கருவிகளுள்ளும் சில, இவ்வாறே குறுந்தகடாகத் தோன்றி லினக்ஸ் பயனரை மயக்குகின்றன. கருவிகள் மாறினும் காரணம் மாறவில்லை. அதனை மாணவருக்கும் விளக்கிக் கூறுவது ஆசிரியருக்கு ஏற்ற பணியாம்.