பாதமும் ஒரு விரதம் காக்கட்டும்

தைப்பூசத் திருநாளில் தண்ணீர்மலை அடிவாரத்தில் பக்தியின் அடையாளமாகக் கண்ணிற்படுவது காவடி மட்டுமன்று. கழற்றி வைக்கப்பட்ட காலணியும் ஆகும். அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளின் முன் செல்வரும் வறியரும், அதிகாரியும் தொழிலாளியும் ஒருபடித்தாகவே நிற்கின்றனர். ஆடையால் வேறுபடுவோர் பாதத்தால் வேறுபடுவதில்லை. மண்ணோடு மனிதனுக்குள்ள உறவை நேருக்கு நேர் உணர்த்தி, "நான்" என்னும் எண்ணத்தைப் படியிலேயே விட்டுச் செல்லச் செய்யும் அரிய மரபு இது.

ஆயினும், அந்த ஒரு நாளுக்காகப் பாதம் எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகிறது என்பதைச் சிந்திப்போர் குறைவு. விரத காலத்தில் புலால் விலக்கப்படுகிறது, ஒருபொழுது உண்ணப்படுகிறது, தரையில் படுக்கை விரிக்கப்படுகிறது. வயிறும் நாவும் உடலும் பல நாள் பழக்கப்படுகின்றன. பாதமோ திருவிழாவிற்கு முதல் நாள் வரை காலணிக்குள்ளேயே இருந்துவிட்டு, மறுநாள் கொதிக்கும் தார்ச்சாலையில் திடீரென இறக்கிவிடப்படுகிறது.

பாயான் பாரு போன்ற நகரங்களில் வாழும் அன்பர்களுக்கு இது மிகவும் பொருந்தும். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய அப்புதுநகரின் அருகிலேயே, 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்துள்ளது. அங்குள்ள தொழிற்சாலைகளில் பணிபுரிவோரின் பாதங்கள் வேலை நேரம் முழுவதும் பாதுகாப்புச் சப்பாத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அடுக்குமாடி வீட்டின் வழவழப்பான தரையைத் தவிர வேறு நிலத்தை அவை வெறுமையாகத் தொடுவதே அரிது. தோட்டப்புறத்தில் வளர்ந்த பாட்டனாரின் பாதமும், மின்னியல் தொழிற்சாலையில் பணிபுரியும் பேரனின் பாதமும் ஒன்றல்ல.

மலைப்பாதையில் ஒரு புதிய வழக்கம்

இந்நிலையில் பினாங்கு மலைகளில் நடப்போரிடையேயும் ஓடுவோரிடையேயும் உலகெங்கும் பரவிய ஒரு வழக்கம் கவனத்திற்குரியது. 'வெறுங்கால் காலணி' எனப்படும் மெல்லிய காலணியை அணிந்து காட்டுப்பாதையில் செல்வதே அது. வழக்கமான ஓட்டச் சப்பாத்தில் குதிகாற்பகுதி உயர்ந்தும், அடித்தளம் தடித்தும், முனை குறுகியும் இருக்கும். வெறுங்கால் காலணியிலோ குதிகாலும் முன்காலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அடித்தளம் சில மில்லிமீட்டர் அளவே தடித்திருக்கும். விரல்கள் அகல விரிந்து நிலத்தைப் பற்றுவதற்கு இடமிருக்கும். சிலவற்றில் கையுறை போல ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறையும் உண்டு.

மனிதப் பாதம் ஒன்றில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைத் தசைகளும் நாண்களும் வில்போல் வளைத்துப் பிடித்திருக்கின்றன. மெத்தை போன்ற தடித்த அடித்தளம் அந்த வில்லின் வேலையைத் தானே செய்துவிடுவதால் பாதத் தசைகள் உழைக்கும் வாய்ப்பை இழக்கின்றன என்பது இக்காலணியை ஆதரிப்போரின் வாதம்.

இவ்வாதத்திற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர்கள் இருவர் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம் காணப்பட்டது. வெறுங்காலுடன் வளர்ந்தோரில் அது 2.8 விழுக்காடே. 2010ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலுடன் ஓடிப் பழகியோர் பெரும்பாலும் முன்காலை முதலில் ஊன்றுவதால் குதிகாலில் விழும் திடீர் அதிர்ச்சியைத் தவிர்க்கின்றனர் என்று காட்டியது.

எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கின் நெடுந்தொலை ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றதை உலகம் வியந்து பேசுகிறது. அவரே 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் தங்கம் வென்றார் என்பதும் உடன் நினைக்கத்தக்கது. இரு வெற்றிகளுக்கும் அடிப்படையாக இருந்தது பழக்கப்பட்ட பாதமே.

மலேசியருக்கு இம்மெல்லிய காலணி முற்றிலும் புதியதும் அன்று. பால்மரம் வெட்டுவோர் அணிந்துவந்த கறுப்பு ரப்பர் சப்பாத்தை அறியாதார் இலர். ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, மெத்தை ஏதுமின்றி, அடியில் சிறு குமிழ்களுடன் மலிவு விலையில் கிடைக்கும் அதனை நகைச்சுவையாக 'அடிடாஸ் கம்போங்' என்று அழைப்பர். ஈர மண்ணில் வழுக்காமல் பிடிப்புத் தருவதால் மலையேறுவோர் பலர் இன்றும் அதனையே விரும்பி அணிகின்றனர். வெளிநாட்டு வணிகப் பெயருடன் பெரும் விலைக்கு விற்கப்படும் கருத்தின் ஒரு பகுதியேனும் தோட்டத் தொழிலாளியின் காலில் முன்பே இருந்தது எனலாம்.

வெறுங்காலின் மறுபக்கம்

ஆனால் முன்னோரின் வெறுங்காலைப் புகழ்வோர் அதன் துயரத்தையும் மறத்தலாகாது. மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் வெறுங்காலுடன் நடந்தது பெரும்பாலும் தெரிந்தெடுத்த வாழ்க்கைமுறையாக அன்று, வறுமையால் நேர்ந்தது. கழிவறை வசதியற்ற அந்நிலத்து மண்ணில் வாழ்ந்த கொக்கிப்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சின. சோகை பிடித்த உடலோடு மக்கள் உழைத்தனர். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அமைப்பின் சார்பில் மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய இடங்களில் இந்நோயை ஆராயும் அளவிற்கு அது பெருங்கேடாக இருந்தது. காலணி அணியும் பழக்கமும் கழிவறையும் பரவியதால் காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆதலின், "இயற்கையானது எல்லாம் நன்மையே" என்று கூறிக் காட்டுப்பாதையில் முற்றிலும் வெறுங்காலுடன் செல்லுதல் அறிவுடைமை ஆகாது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் எலிச் சிறுநீரால் பரவும் நோய்க்கிருமி சிறு காயத்தின் வழியே உட்புகக் கூடும்.

மெல்லிய காலணியிலும் அவசரத்திற்கு இடமில்லை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், விரலுறைக் காலணிக்குப் பத்து வாரங்களில் மாற முயன்ற 19 ஓட்டக்காரர்களுள் 10 பேருக்குப் பாத எலும்புகளின் உட்பகுதியில் நீர்க்கோவை மிகுந்திருந்தது தெரியவந்தது. எலும்பு முறிவிற்கு முன்னறிகுறியாகக் கூடிய நிலை அது. அக்காலணியைத் தயாரிக்கும் வைப்ரம் நிறுவனம், பாதத்தை வலுப்படுத்தும் என்று செய்த விளம்பரங்கள் தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 2014ஆம் ஆண்டு 37 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் வழங்க இசைந்து சமரசம் செய்துகொண்டது. வலிமை கடையில் வாங்கும் பொருளன்று. பொறுமையோடு ஈட்டப்படுவது என்பதே இந்நிகழ்ச்சிகள் தரும் பாடம்.

பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் நகரத்தார் மரபு இதனை நன்கு விளக்கும். காவடியுடன் பல நாள் நடந்து, வழிவழியாக இரவு தங்கி, கூட்டத்தோடு ஒருவருக்கொருவர் துணையாகச் செல்லும் ஒழுங்கு அது. நடைக்கு அளவும், ஓய்வுக்கு இடமும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. வேகத்தைக் காட்டிலும் நிதானத்தையே அம்மரபு போற்றுகிறது.

உணர்விழந்த பாதம்

இவை யாவற்றினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. நாட்பட்ட நீரிழிவு பாதத்தின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். தார்ச்சாலை சுடுவது தெரியாது. ஓட்டுத்துண்டு குத்தியது தெரியாது. வலியில்லாத புண் ஆறாத புண்ணாகி, விரலையோ பாதத்தையோ இழக்க நேரும் அவலத்தைப் பல குடும்பங்கள் அறியும்.

"முருகன் காப்பான், வலியே தெரியவில்லை" என்று ஒருவர் கூறும்போது அது அருளா, நோயா என்பதை ஆராய வேண்டியது அன்புடையார் கடமை. பக்தியில் வலியை மறத்தல் வேறு. நரம்பு செத்து வலியை இழத்தல் வேறு. முன்னது வரம், பின்னது எச்சரிக்கை. அத்தகையோருக்கு மெல்லிய காலணியும் ஏற்றதன்று. மருத்துவர் கூறும் தகுந்த அடித்தளமுடைய காலணியே அவர்களுக்குக் கவசம்.

வேண்டுதலைக் குறைத்துக்கொள்வது பக்திக்குக் குறைவு என்று அஞ்சுவோர் உளர். இராமபிரானின் பாதுகைகளைச் சிரமேற் சுமந்து சென்று அரியணையில் வைத்த பரதனின் வரலாற்றைப் போற்றும் சமயத்தில் பாதுகை இழிபொருள் அன்று. சந்நிதிக்குள் காலணி அணிதல் கூடாது என்பதே மரபு. சந்நிதியை அடையும் வழியெங்கும் பாதத்தைப் புண்ணாக்க வேண்டும் என்பது மரபன்று. நோயுற்றவர் ஊர்வலப் பாதையைக் காலணியுடன் கடந்து, அடிவாரத்தில் அதைக் கழற்றி வணங்கினால் கந்தவேள் சினம் கொள்வானோ?

செய்யத் தக்கவை

உடல்நலமுடைய அன்பர்கள், விரதம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பாதத்திற்கும் பயிற்சி தொடங்கலாம். முதலில் வீட்டிலும் புல்தரையிலும் நாள்தோறும் சில நிமிடங்கள் வெறுங்காலுடன் நடத்தல் நன்று. வாரந்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டியபின், மெல்லிய காலணியுடன் எளிய மலைப்பாதைகளில் நடக்கலாம். ஓட்டம் அதற்கும் பின்னரே. பாதத்தின் மேற்புறத்திலோ குதிகால் நாணிலோ வலி தோன்றினால் நிறுத்துதல் வேண்டும்.

இதற்கென நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1884ஆம் ஆண்டு தோன்றிய தாவரவியல் பூங்கா தண்ணீர்மலைக்கு அருகிலேயே உள்ளது. அங்கிருந்தும் அதன் அண்மையிலுள்ள நிலவு வாயிலிலிருந்தும் பினாங்கு மலைக்குப் பாதைகள் செல்கின்றன. வேரும் கல்லும் செம்மண்ணும் கலந்த அப்பாதைகளில் மெல்ல அடியெடுத்து வைக்கக் கற்றவருக்கு 513 படிகள் பெருஞ்சுமையாகா. மழை பெய்த மறுநாளும், செங்குத்தான தார்ச்சாலையில் இறங்கும்போதும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

நீரிழிவு உடையோர் விரதத்திற்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது, வலியற்றது. திருவிழா முடிந்த இரவு, பிள்ளைகள் பெற்றோரின் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு முதல் குதிகால் வரை பார்த்தல் நலம். அது மருத்துவமும் ஆகும், பாதபூசையும் ஆகும்.

ஆலய நிர்வாகத்தினருக்கும் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் புரவலர்களுக்கும் இதில் பெரும்பங்குண்டு. இரதம் வரும் வழியில் மலைபோல் உடைக்கப்படும் தேங்காய்களின் ஓடுகள் வெறுங்காலர்க்கு முள்ளாகின்றன. தேங்காய் உடைப்பைக் குறைத்துக்கொள்ளுமாறு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக வேண்டிவந்துள்ளது. குறைத்தலோடு, உடைத்த ஓடுகளை அவ்வப்போதே அகற்றத் தொண்டர் படையும் வேண்டும். நண்பகல் வெயிலில் சாலையை நீரால் நனைத்தல், நடைபாதையில் ஈரச் சாக்கு விரித்தல், பந்தல்தோறும் பாதத்தைக் கழுவிப் பார்க்கும் முதலுதவி இடம் அமைத்தல் ஆகியவை அன்னதானத்திற்கு இணையான திருப்பணிகளே. ஒரு குளிர்பானப் பந்தலுக்குச் செலவிடும் புரவலர், அதன் ஒரு மூலையில் ஒரு நாற்காலியும் ஒரு வாளி நீரும் ஒரு தொண்டரும் இருக்கச் செய்தல் அரிதன்று.

மயிலேறும் பெருமானின் திருவடியைத் தேடிச் செல்வது பக்தனின் அடி. அந்த அடியும் ஆண்டவன் தந்த கொடையே. நாவைக் காத்து, வயிற்றைக் காத்து, மனத்தைக் காத்து விரதம் இருப்போர் பாதத்தையும் அவ்விரதத்தில் சேர்த்துக்கொள்வாராக. இவ்வாண்டு படியேறிய கால்கள் வரும் ஆண்டுகளிலும் ஏறட்டும். வேலவன் அருள் துணை நிற்பதாக.